மூன்று சாவும் ஒரு கிராப்பும்

போருக்கு எதிரான நாவலைப் படித்தவன் போருக்குப் போக மாட்டான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர், இரண்டாம் வருஷம். நம்பாமல் என்ன செய்வேன்?

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். விமானப்படைக்காரர்கள் ஓட்டிப் பழகும் விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் என் தம்பி மொட்டைமாடிக்கு ஓடுவான். அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தான். காதை மூடிய ஃபங்க் கிராப், பின்பாக்கெட்டில் சீப்பு. ஒருநாள் சாப்பிடும்போது, மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள், போகப்போகிறேன் என்றான். “போகட்டும், அப்பவாவது காலைல எழுந்திருப்பான்” என்றார் அப்பா. அம்மா ரசக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

“நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, எதையாவது சொல்லி அவனை நிறுத்துடி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் என்பது எல்லா வியாதிக்கும் கேட்கிற ஒரு மருந்து. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சண்டை போட வீட்டில் எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்த வருஷம் எங்களுக்குப் பாடமாக ஒரு நாவல் இருந்தது. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் பேண்டு வாத்தியச் சத்தத்தில் மயங்கிப் பட்டாளத்தில் சேருகிறான். அப்புறம் சேறு, பேன், பசி. கடைசியில் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் குண்டு பாய்கிறது. அவன் சாவை எழுத்தாளர் ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியில் சூப் ஆறிப்போனதைப் பற்றி எழுதியிருப்பார். மின்சார ரயிலில் அதைப் படித்து நான் தேம்பித் தேம்பி அழுதபோது, எதிரே இருந்த ஓர் அம்மாள், மாமியார் கொடுமையா என்று விசாரித்தாள்.

புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். பேண்டு வாத்தியம் வரும் இடம் பிரமாதம் என்று சொல்லி, அங்கேயே மூடிவிட்டான்.

சரி, சினிமாவாகக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். அந்த நாவலை இரண்டு முறை படமாக்கியிருந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் பல்லாவரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு காலைக்காட்சிக்கு வந்தது. அம்மாவையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்காக நான் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வர, முன்வரிசை மொத்தமும் திரும்பி உட்கார்ந்துவிட்டது. “அக்கா, இப்ப இன்னா சொல்லிகினு கீறான்?” என்று லுங்கி கட்டிய ஒருவர் அடிக்கடி கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது.

படம் நாவலுக்கு அவ்வளவு விசுவாசம். பையன் குனிந்தான், சுடப்பட்டான், குடம் உருண்டது, ‘முற்றும்’ விழுந்தது. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது மறுபடியும் விளக்கை அணைத்தார்கள். செத்தவன் திரையில் சிரித்துக்கொண்டே வந்தான்.

அந்தக் காலத்தில் ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டுவார்கள். ஒரு ரீல் இங்கே முடிந்ததும் சைக்கிளில் அங்கே போகும், அங்கிருந்து அடுத்தது வரும். அன்று சைக்கிள்காரர் அதற்கு முந்தின ரீலை விட்டுவிட்டு, கடைசி ரீலை முதலில் கொண்டுவந்துவிட்டார். ஆபரேட்டர் வந்ததை மாட்டினார், அப்புறம் விட்டுப்போனதையும் மாட்டினார். ஆக, குண்டடிபட்ட எங்கள் பையன் எழுந்துவந்து, பனியில் நண்பர்களோடு பந்து விளையாடி, ஒரு முழுக்கோழியைத் தின்றான். தியேட்டரில் விசில் பறந்தது. “நெனச்சேன்! ஹீரோவாச்சே, எப்டி சாவான்?” என்றார் லுங்கிக்காரர். அம்மாகூடக் கைதட்டினாள்.

“பாத்தியாக்கா, திரும்பி வந்துட்டான்” என்றான் தம்பி. ரீல் மாறிவிட்டது என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் விளக்கினேன். கண்ணால் பார்த்ததை நம்புவேனா, நீ சொல்வதை நம்புவேனா என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனை நானே மிலிட்டரிக்கு அனுப்பியிருப்பேன்.

ஆள் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள், டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரவழைத்து, கலரில் வந்த இரண்டாவது படத்தைப் போட்டேன். மத்தியானத்திலேயே தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில். ஒரு லிட்டரேச்சர் மாணவியாகச் சொல்கிறேன், அது மகா மட்டமான படம். நாவலில் ஒரு வரியில் முடிகிற சாவு, இதில் வயலின்களோடு முடிவில்லாமல் நீண்டது. நம் ஊர் ஹீரோக்கள்கூடச் சாக அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. அதைவிட மோசம், நாவலில் நாலு வார்த்தையில் போகிற ஒரு விஷயத்தை இழுத்திருந்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்ததும் பையனுக்கு முடி வெட்டுகிற இடம்.

ஒரு தடியன் மிஷினை நெற்றியில் வைத்துப் பிடரி வரை இழுக்கிறான். சுருள் சுருளாக முடி விழுகிறது. கேமரா தரையைக் காட்டுகிறது. மறுபடி தலையைக் காட்டுகிறது. மறுபடி தரை.

தம்பியின் கை மெல்ல அவன் தலைக்குப் போனது. “அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் வெட்டுவாங்களா?”

“எல்லாருக்கும்.”

“அப்புறம் வளத்துக்கலாம் இல்ல?”

“வளர வளர வெட்டுவாங்க.”

அதன்பிறகு படத்தில் கை போனது, கால் போனது, ஊரே எரிந்தது. அவன் எதையும் பார்க்கவில்லை, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை அவனுக்கு வயிற்றுவலி வந்தது. பத்து மணிக்கு அந்த வயிற்றோடு எட்டு இட்லி சாப்பிட்டான். அம்மா எதுவும் கேட்காமல் ஒன்பதாவதைப் போட்டாள்.

கல்லூரிக் கட்டுரையில் பழைய படம்தான் உயர்ந்தது என்று எழுதினேன். இன்றும் அதுதான் என் அபிப்பிராயம். ஆனால் அந்த மட்டமான படத்தை எடுத்தவர் காலில் விழவும் நான் தயார்.

தொண்ணூறுகளின் கடைசியில், எல்லையில் சண்டை என்று டிவியில் தினமும் செய்தி வந்தது. கொடி போர்த்திய பெட்டிகளை இறக்கினார்கள். அதற்குள் தம்பிக்குக் கல்யாணமாகி, வண்டலூர் பக்கம் குடிபோய், தலையும் முழு வழுக்கை ஆகியிருந்தது. அப்படி ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், அம்மா நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப போகலாம்மா. வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றான்.

“வாயக் கழுவுடா” என்று அம்மா அவன் மண்டையில் ஒன்று போட்டாள். போட்ட கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். செய்தி முடிந்து, வானிலை முடிந்து, விளம்பரம் வந்தபிறகும் எடுக்கவில்லை. அவனும் தலையை நகர்த்தவில்லை.