செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்ட கிதார்

போன வாரம் பாளையங்கோட்டையில், என் மகள் படிக்கிற இசை வகுப்பில் ஒரு காரியம் செய்துவிட்டேன். வாசலிலேயே 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு எலக்ட்ரிக் கிதாரை மடியில் எடுத்து வைத்தது. வாத்தியார் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அவ்வளவுதான். "ஏ பிள்ளே, செருப்பப் போடு! மொதல்ல செருப்பப் போடு!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை அழுதேவிட்டது. என் மகள் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

வாத்தியார் தங்கமான மனுஷன். "மூணு பின் பிளக்கு சார், எர்த் இருக்கு, ஒண்ணும் செய்யாது" என்று தோளில் தட்டினார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு, பேட்டையில் எங்கள் மாமாவின் லேத் பட்டறையில் வேலை பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். அத்தனை பெருமை.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஞானராஜ் சர்ச் பாடகர் குழுவில் சாதா கிதார் வாசிப்பான். கிதாரைத் தொட்டால் அவன் முகமே வேறாகிவிடும். மீரான் மேலப்பாளையத்துக்காரன். துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய சிவப்பு எலக்ட்ரிக் கிதார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாசிக்க ஒருத்தன், கிதார் கொண்டுவர ஒருத்தன், கரண்டு பார்க்க ஒருத்தன். கரண்டு பார்க்கிறவன் நான்தான், சிரிக்காதீர்கள்.

அந்த வருஷம் டவுனில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதாருக்கு ஆள் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் எலக்ட்ரிக் கிதார் வாசித்துக் காட்ட வேண்டும். ஞானராஜ் அதுவரை அதைக் கையால் தொட்டதுகூட இல்லை. "இது கெடச்சிட்டுன்னா அப்பா கடையில உக்கார வேண்டாம்லே" என்று தினமும் சொல்வான். அவன் அப்பாவுக்கு வள்ளியூரில் மருந்துக்கடை.

கிதார் இருந்து என்ன, ஆம்ப்ளிஃபயர் வேண்டாமா? மைக் செட் அண்ணாச்சி ஒருத்தரிடம் போய் நின்றோம். கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் உழைத்து உழைத்து ஓய்ந்துபோன ஒரு பழைய இரும்புப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே வால்வுகள். சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிஷம் சத்தமே வராது. பிறகு பைய ஆரஞ்சு வெளிச்சம் தெரியும், தூசி கருகுகிற வாசனை வரும். பழைய ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். எனக்கு அது அப்போது மிகவும் பிடிக்கும்.

ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானம். பட்டறைக்கு லீவு. பூஜை சாயங்காலம்தான். காலையிலேயே லேத்துகளைத் துடைத்து, தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய சிமெண்டுத் தரை, பள்ளம் பள்ளமாகத் தண்ணீர் நின்றது. நான் லேத்துக்கு வைத்திருந்த சந்தனத்தை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பொட்டு, கிதாருக்கு ஒரு பொட்டு வைத்தேன். "செருப்பக் கழத்திட்டுத் தொடுங்கலே, இன்னைக்கு என்ன நாளு" என்றேன். ஞானராஜ் உடனே கழற்றிவிட்டான். "வாத்தியம்லா" என்றான். மீரானும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அந்தப் பெட்டிக்கு இரண்டு பின் பிளக்குதான். எர்த்துக்கென்று தனியாக ஒரு பச்சை ஒயர் வால் மாதிரித் தொங்கும். கொடைகளில் அண்ணாச்சி அதை மண்ணில் புதைத்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார், இரைச்சல் நின்றுவிடும். பட்டறைக்குள் மண்ணுக்கு எங்கே போக? டிப்ளமோ படித்த மூளை வேலை செய்தது. பிளக்கைத் திறந்து, கரண்டு வராத பின்னோடு பச்சை ஒயரை முறுக்கிவிட்டேன். இரைச்சல் நின்றது. "பொழச்சே போ வே!" என்று மீரான் என் முதுகில் அடித்தான்.

அரை மணி நேரம் ஞானராஜ் விடாமல் வாசித்தான். கம்பியை ஒரு தடவை சுண்டினால் தகரக் கூரையே அதிர்ந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதாம்லே, இதுதான்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். பெட்டி கொதித்ததால் பிளக்கைப் பிடுங்கி ஆறப் போட்டோம். மீரான் செருப்பை மாட்டிக்கொண்டு டீ வாங்கப் போனான்.

ஞானராஜுக்குப் பொறுக்கவில்லை. "போடுலே, இன்னொரு மட்டம்" என்று சிவப்புக் கிதாரை எடுத்துத் தோளில் மாட்டினான். நான் பிளக்கைச் சொருகினேன். இரண்டு பின் பிளக்கு எப்படித் திருப்பிப் போட்டாலும் போகும். பார்த்துச் சொருகவில்லை. பையில் டெஸ்டர் இருந்தது, எடுக்கவில்லை. கரண்டு வருகிற பின்னும் வராத பின்னும் இடம் மாறிவிட்டன. எர்த் என்று நான் முறுக்கிவைத்த ஒயர் வழியாகக் கரண்டு பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கிதார்க் கம்பிக்கும் போய்விட்டது.

அவன் இடது கையால் கம்பிகளை அழுத்தினான். உடம்பு விறைத்தது. தலை பின்னால் சாய்ந்தது. தோள் குலுங்கியது. ஸ்பீக்கர் உர்ரென்று உறுமியது. மேடையில் கிதார் வாசிப்பவர்கள் அப்படித்தானே ஆடுவார்கள்! ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை பார்க்கான், பய என்னமா நடிக்கான் என்று நினைத்தேன்.

கை தட்டினேன். ஐயோ, நான் கை தட்டினேன்.

வாசலில் டீத்தூக்கு விழுகிற சத்தம் கேட்டது. மீரான் ஓடிவந்தான். அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலே, செருப்போட வாராதலே!" என்றேன். மீரான் என்னைத் தள்ளிவிட்டு, அந்த ரப்பர் செருப்புக் காலாலேயே கிதாரை ஓங்கி ஓர் உதை விட்டான். ஒயர் பிய்ந்தது, கிதார்க் கழுத்து முறிந்தது, ஞானராஜ் தண்ணீருக்குள் விழுந்தான். முடி கருகிய வாசனையா சதை கருகிய வாசனையா, இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உயிர் தப்பினான். ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பிளக்கைத் திருப்பிச் சொருகியது நான்தான் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். "விடு வே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முறிந்த கிதாரைப் பற்றி மீரான் அண்ணனுக்கு என்ன எழுதினான் என்று நான் கேட்கவே இல்லை.

பட்டறை இருந்த இடம் இப்போது டைல்ஸ் குடோன். அந்தப் பெட்டியை அண்ணாச்சி மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். மீரான் துபாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ஞானராஜ் வள்ளியூரில் அதே மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். இடது கையின் மூன்று விரலால் மாத்திரை அட்டையைப் பிடித்துக் கத்தரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இசை வகுப்பில் அந்தப் பிள்ளையை அழவைத்த ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். பிறகு, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"கத்தணும்னு பாத்தேன், வாயி வரல. ஒண்ணுமே தெரியல. ஆனா நீ கை தட்டுனது மட்டும் கேட்டுதுலே. நல்லா வாசிக்கோம் போலன்னு நெனச்சேன்."

அவனே மேலும் சொன்னான்: "அதுக்கப்புறம் ஒருத்தனும் எனக்குக் கை தட்டல வே."