விழாத புள்ளி

சிநேகா அமுக்கியது ஐந்தரை. இயந்திரம் எடுத்துக்கொண்டது ஐம்பத்தைந்து.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு மதிய நேரத்தில் அது நடந்தது. சர்க்கரை எகிறிப்போய் வந்திருந்த அப்பாசாமிக்கு இன்சுலின் ஏற்றும் பம்பு அது. அதில் தசமப் புள்ளிக்கான பொத்தானை மட்டும் மற்றவற்றைவிட அழுத்தி அமுக்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில் அலாரம் அலற, நர்ஸ் சிநேகா திரும்பிப் பார்த்தபடியே அமுக்கினாள். புள்ளி விழவில்லை. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, அப்பாசாமிக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப்பிறகு பேச்சு இல்லை. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. "கண்ண எங்க வச்சிகினு இருந்த? பாத்து அமுக்கத் தெரியாதா?" என்றார் நிர்வாகி. சிநேகாவின் வேலை போயிற்று. விஷயம் பரவிவிட, வேறெந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கூடுவாஞ்சேரி வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். புருஷன் ஜெரோம் வைத்துவிட்டுப் போகும் சோறு தட்டிலேயே காய்ந்துபோகும்.

அந்த பம்பைப் பற்றி செல்போனில் தேடிக்கொண்டே இருந்தபோதுதான், மனிதர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துப் பொருட்களை வடிவமைக்க ஒரு படிப்பே இருப்பது தெரிந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்லூரியில், வார இறுதி வகுப்பு. முதல் நாள் ஆசிரியர் ரவிச்சந்திரன், "உங்களைத் திண்டாட வைத்த பொருள் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். ஒருவன் லிப்ட் பொத்தானைச் சொன்னான், இன்னொருத்தி குளியலறைக் குழாயை. வகுப்பே சிரித்தது. தன் முறை வந்ததும் சிநேகா எழுந்து வெளியே போய்விட்டாள். ஆனாலும் அடுத்த வாரம் வந்தாள். போக வேறு இடமில்லை.

கடைசிப் பயிற்சிக்கு அந்த பம்பையே எடுத்தாள். அட்டையில் முகப்பு வெட்டி, திரைக்குப் பதிலாகக் காகிதத் துண்டுகளைச் செருகினாள். எந்த அளவைக் கொடுத்தாலும் "இது சரியா?" என்று கேட்கும் திரையொன்றைச் சேர்த்திருந்தாள். அது அன்றைக்கே இருந்திருந்தால் அப்பாசாமி பேசிக்கொண்டிருப்பார் என்று நம்பினாள்.

பழைய வார்டில் இன்னமும் வேலை பார்க்கும் தோழி ரூத், டியூட்டி முடிந்து நேரே வந்து சோதனைக்கு உட்கார்ந்தாள். சில தடவை சரியாகவே செய்தாள். பிறகு சிநேகா வேண்டுமென்றே தப்பான அளவு எழுதிய காகிதத்தைச் செருகினாள். ரூத் படிக்காமலே "சரி"யை அமுக்கினாள்.

"கண்ணு தெரியல? பாத்து அமுக்க மாட்டியா?" என்று கத்திவிட்டாள் சிநேகா.

ரூத் மிரண்டுபோனாள். "இன்னாடி இப்டி கத்துற? ஒவ்வொரு வாட்டியும் இதையேதான கேட்டுகினு கீது. சும்மா கேக்குதுன்னு அமுக்கிட்டேன்."

சிநேகா அட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நிர்வாகி பேசியதைத்தான் தன் வாயும் பேசியிருக்கிறது. அந்தத் திரையும் யாரையும் காப்பாற்றியிருக்காது.

அந்தத் திரையைத் தூக்கி எறிந்தாள். அளவு எல்லை மீறினால் மட்டும் பம்பு நிற்கும், இன்னொரு நர்ஸ் வந்து அளவைப் போட்டால்தான் ஓடும் என்று மாற்றினாள். பம்பு செய்யும் கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை.

திருவிடந்தையில் அப்பாசாமியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள் வேண்டாவைத் தேடிப் போனாள். வேண்டா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சிநேகா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"அந்த மெஷினு இன்னும் அங்கதான் கீதா?"

"கீது."

"அப்ப நீ படிச்சு இன்னா புரோஜனம்? நாளைக்கு வேற எவ அப்பனுக்கோ இதே கதிதான?" உள்ளே அப்பாசாமி முனகும் சத்தம் கேட்டது. வேண்டா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை சிநேகா அட்டை பம்பை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நர்சுகளை வாசல் கேட்டருகே மறித்து, அட்டையை நீட்டி, "இத்த ஒரு வாட்டி அமுக்கிப் பாருங்க" என்று கெஞ்சினாள். சிலர் ஆளைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மட்டும் நின்றாள்.

"போன வாரம் எனக்கும் புள்ளி விழாம ஒண்ணு ஆவ இருந்துச்சுக்கா. யாராண்டயும் சொல்லல" என்றாள் மெதுவாக.

சிநேகா பெயரைக் கேட்டாள். அந்தப் பெண் மருத்துவமனை கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெயரைச் சொல்லாமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.