ஓடை வந்தால் கூப்பிடவும்

செங்கம் சாலையில் நான் வாங்கிய மனையை ஒட்டி ஓர் ஓடை இருக்கிறது என்பது, வாங்கி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விற்றவர் அதைப் பள்ளம் என்று சொல்லியிருந்தார். தரகர் அதை நடைபாதை என்று சொல்லியிருந்தார். கட்டட அனுமதிக்கு மனுப் போட்டபோதுதான் அரசாங்கம் அதை ஓடை என்று சொன்னது. மூன்று பேரில் அரசாங்கம்தான் உண்மை பேசியது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகும் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லாத வயது. ஊருக்குள் அண்ணன் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், கூடத்தில் ஒரு பீரோவின் கீழ்த்தட்டும் ராத்திரி விரித்துக் காலையில் சுருட்டுகிற ஒரு பாயும் என்னுடையவை. வெளியூர் மனிதர்களின் அவசரங்களை எல்லாம் பகல் முழுக்கக் காதில் வாங்கிவிட்டு வருகிற எனக்கு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். அதற்காகத்தான் அந்த மனையை வாங்கினேன். வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, மனை வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னது. அன்று சாயங்காலமே அவர் சாக்பீஸ் எடுத்துக் கூடத்துத் தரையில் வீட்டு வரைபடம் போட்டுவிட்டார்.

"இது எங்க ரூம். இது பையனுக்கு. இது பொண்ணுக்கு. இது பூஜை ரூம். இங்க மாடிப்படி வருது பாரு, அதுக்குக் கீழ உனக்கு. நல்லா காத்து வரும்."

"எனக்கா?"

"ஆமாம்மா. நீ எங்க பகல்ல வீட்ல இருக்கப் போற?"

என் மனை, என் சம்பளம், மாடிப்படிக்குக் கீழே நான். ரயில்வே அதிகாரியிடமே குரலை உயர்த்தி "லைன்ல இருங்க" என்று சொல்லி நிறுத்தி வைக்கிறவள் நான். அண்ணன் முன்னால் மட்டும் எனக்கு நாக்கு எழும்பாது. அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அண்ணி வந்து வரைபடத்தை ஓரமாக நின்று பார்த்தார். சமையலறை எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அனுமதிக் கடிதம் வந்தபோது அதில் நிபந்தனைகள் இருந்தன. ஓடையின் உச்ச நீர் மட்டக் கோட்டிலிருந்து முப்பது அடிக்குள் எதுவும் கட்டக் கூடாது. அந்த முப்பது அடியில் இருக்கிற மரத்தையும் புதரையும் வெட்டக் கூடாது. மண்ணோ ஜல்லியோ சிமெண்டுத் தண்ணீரோ ஓடையில் விழக் கூடாது. தண்ணீர் ஓடும்போது வேலை நடக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு நியாயமாகவே பட்டது. கடைசி நிபந்தனைதான் கழுத்தறுப்பு. உச்ச நீர் மட்டக் கோட்டைத் துறை அலுவலர் நேரில் கண்டு அடையாளக் கல் நட்ட பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

துறை அலுவலர் ஓர் இளம் உதவிப் பொறியாளர். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு ஆடிட்டில் மாட்டிக்கொண்டவர். அதனால் இவர் வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னாலும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிற ரகம். சித்திரை மாதத்தில் வந்தார். ஓடைக்கு நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது. பக்கத்தில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. எங்கும் ஒரே சமதளமாக, கரை எது நடு எது என்று தெரியாமல் இருந்தது.

"கரை எங்கங்க?" என்று கேட்டார்.

அண்ணன் ஆட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் ஆட்டுக்கு இந்தப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கத்து நிலம் அவருடையது. ஆடு எழுந்து நகர்ந்ததும் அந்த ஒரே அடையாளமும் போயிற்று.

"மழை பெஞ்சு ஓடை வரட்டும். வந்தா சொல்லுங்க, ஒடனே வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரே மழைக்காக வேண்டிக்கொண்டது, நானும் வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதலில் மட்டும் அலுவலக நேரத்தில் பெய்ய வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அடுத்த வருடம் ராத்திரி கொட்டியது. மலைச்சரிவில் விழுகிற தண்ணீர் ஓடையில் சில மணி நேரம்தான் நிற்கும். விடிந்து நாங்கள் போவதற்குள் வடிந்துவிட்டது. அண்ணன் ஈர மண்ணை ஒரு கேரி பையில் அள்ளிக்கொண்டு போய் உதவிப் பொறியாளரின் மேஜைமேல் வைத்தார். "இது ஈரம்ங்க, ஓடை இல்லீங்க," என்று அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் அதை வீட்டுத் துளசி மாடத்தில் கொட்டினார்.

அதன் பிறகு நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஓடை வந்தால் உடனே தொலைபேசி நிலையத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று எஸ்.டி.டி. பூத்காரரிடம் சொல்லி வைத்தேன். அவர் ஓர் அட்டையில் "ஓடை வந்தால் கூப்பிடவும்" என்று எழுதி, என் எண்ணையும் போட்டு, போனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ சாமி வாசகம் என்று நினைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்களாம். ஒரு தடவை ஓடை வந்துவிட்டது என்று கூப்பிட்டார். அலறியடித்துக்கொண்டு போனால், யாரோ லாரி கழுவியிருந்தார்கள்.

உண்மையான ஓடை மூன்றாம் வருடம் கார்த்திகையில் வந்தது. வந்த நாள், தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், தேர்.

தேரன்று இந்த ஊரில் எதுவும் நகராது, தேர் மட்டும்தான் நகரும். காலையிலிருந்து நல்ல மழை. நான் டூட்டியில் இருந்தேன். பூத்காரரின் குரல் கேட்டது.

"மேடம், இந்த வாட்டி லாரி இல்ல. ஆத்து மாதிரி போவுது மேடம்!"

உதவிப் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். காவலாளி எடுத்து, "எல்லாரும் தீப டூட்டிங்க," என்றார். தீபத்துக்கு இந்த மாவட்டத்தில் எந்தத் துறையாக இருந்தாலும் ஆளைப் பிடித்து, பேட்ஜ் குத்தி, எங்காவது நிறுத்திவிடுவார்கள். கால்நடை மருத்துவர் செருப்புக் காப்பகத்தில் நிற்பார். எங்கள் உதவிப் பொறியாளரைச் செங்கம் சாலை தற்காலிகப் பேருந்து நிலையத்தில் போட்டிருப்பதாகக் காவலாளி சொன்னார். என் மனையிலிருந்து கூப்பிடு தூரம். சாமி கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஹெட்போனைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டு, அண்ணனின் கடைக்குப் போன் போட்டேன். அவர் டி.வி.எஸ். ஐம்பதோடு வந்தார். மாட வீதிப் பக்கம் நெருங்கவே முடியாது. சந்து சந்தாகப் புகுந்து, பாதி தூரம் வண்டி எங்களைச் சுமக்க, மீதி தூரம் நாங்கள் வண்டியைச் சுமக்க, ஒரு வழியாகச் செங்கம் சாலைக்கு வந்து சேர்ந்தோம்.

உதவிப் பொறியாளர் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குக் கொடுத்த வேலை, பக்தர்களுக்கான குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது. கொட்டுகிற மழையில் ஒரு பக்தரும் தண்ணீர் கேட்கவில்லை.

"சார், ஓடை வந்துடுச்சு!"

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தார். "மேடம், ரவுண்ட்ஸ் வருவாங்க. தொட்டிகிட்ட ஆள் இல்லைன்னா எனக்கு மெமோ. யார் பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன் சார்!" என்றார் அண்ணன். அதற்குள் அவர் கை உதவிப் பொறியாளரின் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றத் தொடங்கிவிட்டது. பேட்ஜைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு, குழாயை ஒரு தடவை திறந்து பார்த்து, நிமிர்ந்து நின்றார். "நீங்க போங்க சார். கோட்டைப் போட்டுட்டு வாங்க. மூணு வருஷமா குடும்பத்தோட காத்துக்கினு இருக்கோம்."

நாங்கள் ஓடினோம். ஓடை உண்மையிலேயே ஓடைதான். செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, ஆடு படுத்திருந்த இடம், துணி உலர்ந்த இடம், அண்ணன் கைகாட்டிய கரை எல்லாவற்றையும் விழுங்கி, என் மனைக்குள்ளேயே புங்க மரத்தின் அடிவரை வந்து நின்றது. புங்க மரத்திலிருந்து முப்பது அடி என்றால் மனையில் மிஞ்சுவது சமோசா மாதிரி ஒரு மூலைதான்.

உதவிப் பொறியாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மூன்று வருடமாக அலைகிறதை அறிந்தவர்.

"மேடம், இந்த மாதிரி தண்ணி எப்பவோ ஒரு தடவதான் வரும்," என்றார் தயங்கித் தயங்கி. "கல்லைப் பத்தடி அந்தப் பக்கம் தள்ளி நட்டுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு மூணு ரூமும் வந்துடும்."

ஆடிட்டுக்குப் பயந்த மனிதர், எனக்காக அதைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் சாக்பீஸ் வீடு மனதில் வந்தது. மூன்று ரூம், பூஜை ரூம், மாடிப்படி.

"தள்ளி நட்டா மூணு ரூம். தண்ணி நிக்கற எடத்துலயே நட்டா எத்தன சார்?"

"ஒண்ணுதான் வரும் மேடம்."

"ஒரு ரூமும் சமையக்கட்டும் வருமா?"

"வரும்."

"வெளிய ஒரு நாற்காலி போட்டுக்க எடம்?"

"அது வரும்."

"அப்ப தண்ணி நிக்கற எடத்துலயே நடுங்க சார்."

அவர் காதில் மழைத்தண்ணீர் போய்விட்டதா என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். நான் விடவில்லை. அண்ணனை எனக்குத் தெரியும், பக்கவாட்டில் போக முடியாவிட்டால் மேலே போவார்.

"மாடி கட்டக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் சேத்துடுங்க சார்."

"மேடம், ஓடைக்கும் மாடிக்கும் சம்பந்தம் இல்லீங்களே."

"கரை மண்ணு சார். பாரம் தாங்குமா?"

அவர் குனிந்து மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். கண்ணால் பார்த்துவிட்டதால் மனசாட்சி இடம் கொடுத்தது. "நியாயம்தான். எழுதிடறேன்," என்றார். கல் வரும்வரை அடையாளமாக ஒரு கம்பை ஒடித்துப் புங்க மரத்தடியில் நட்டார். நிபந்தனையை இன்னும் கடுமையாக்கச் சொல்லிக் கேட்ட முதல் மனுதாரர் நான்தான் என்று திரும்பி நடக்கும்போது சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பயமும் இருந்தது.

தொட்டியருகே அண்ணன் நனைந்த கோழியாக நின்றிருந்தார். ரவுண்ட்ஸ் வந்த அதிகாரி அவரைப் பார்த்து, மழையிலும் இடத்தை விட்டு நகரவில்லையே என்று பாராட்டிவிட்டுப் போனாராம். அந்தப் பெருமையோடு கேட்டார்.

"என்னம்மா, கோடு எங்க?"

"புங்க மரத்துல. ஒரு ரூம்தான் வரும்ணா."

"ஒண்ணா? கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லிக் கேக்கக் கூடாதா?"

"அவரே கம்மி பண்றேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பேட்ஜைக் கழற்றி உதவிப் பொறியாளரிடம் கொடுத்தார். "அப்போ நாங்க?" என்று கேட்டார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்.

"பௌர்ணமிக்கு வாங்கண்ணா. மலை சுத்திட்டு, நம்ம வீட்ல காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

வீடு அடுத்த கோடையில் எழும்பியது. நான் ஒற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். அண்ணன் சில பௌர்ணமிகள் வரவில்லை. பிறகு அண்ணியோடு வந்தார். காபி குடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பூச்சு சரியில்லை என்றார். அதோடு கோபம் தீர்ந்தது.

அப்படி ஒரு பௌர்ணமி. சாயங்காலமே சுற்றி முடித்து வந்திருந்தார்கள். அண்ணன் காபி டம்ளரை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அண்ணி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வா, நேரமாச்சு," என்றார் அண்ணன்.

"நீங்க போங்க," என்றார் அண்ணி, எழுந்திருக்காமல். "நான் இன்னிக்கு இங்கதான்."

"இருக்கறது ஒரு ரூம். அவ எங்க படுப்பா?"

அண்ணி என்னைப் பார்த்தார். யாரும் வந்து தங்க முடியாதபடி மாடிக்குக்கூடத் தடை வாங்கிய வீடு அது. நான் உள்ளே போய், என்னிடம் இருந்த ஒரே தலையணைக்கு உறை மாற்றினேன். அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் இன்னொரு தலையணை வாங்கிவிட்டேன்.