ரவைமேல் உட்கார்ந்த பனி

தாம்பரத்துக்காரர்களுக்குப் பனி என்றால் என்ன? மார்கழிக் காலையில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, "இன்னா குளிரு!" என்று டீக்கடையில் நடுங்குவதுதான். அப்பேர்ப்பட்ட இடத்தில், ராஜகீழ்ப்பாக்கத்துப் பூகோள டீச்சர் தபஸ்ஸும் என்பவள் நாற்பது வயதில் இமயமலைக்குப் போய் மலையேற்றப் பயிற்சி முடித்து வந்தாள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்கள் உறவுக்காரர்கள். அடுத்த வருஷமும் போனாள். கேட்டவர்கள் வாய் வலித்து விட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு மலையேற்றக் குழுவே தொடங்கி, தலைவியாகவும் ஆனாள். அந்தக் குழுதான் அவளுக்கு உசிர்.

போன ஜனவரியில் குழுவைப் பனிமலைக்குக் கூட்டிப்போனாள். உச்சிக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சரிவு, கல்யாண மண்டபத்து ஜமக்காளம் மாதிரி மடிப்பில்லாமல் விரிந்து கிடந்தது. முந்தின நாள்தான் புதுப்பனி கொட்டியிருந்தது. ஓரமாக ஒரு குழி தோண்டிப் பார்த்தாள். மேலே பலகையாக இறுகிய பனி. அடியில் ரவை மாதிரி ஒட்டாமல் உதிரும் பனி. மண்வெட்டியை மேலே வைத்து லேசாகத் தட்டினாள். மேலடுக்கு மேசை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து அவள் மடியிலேயே விழுந்தது.

"கால் வெச்சா மொத்தச் சரிவும் இப்படித்தான் வழுக்கிட்டு வரும். திரும்பறோம்," என்றாள்.

நாவலூரில் ஐடி வேலை பார்க்கும் தினகரனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அதோ கால்தடம் இருக்கு. யாரோ போயிருக்காங்களே!"

"போனவங்க திரும்பி வந்த தடம் எங்கேப்பா?"

அவள் மண்வெட்டியை முதுகுப்பையில் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நாம் செய்வதையே தினகரனும் மற்றவர்களும் செய்தார்கள். கைகோத்து, எதிரே ஒரு கையை நீட்டி, கூட்டமாகச் சரிவில் இறங்கினார்கள். லாரியாவது நிற்கும். பனிக்கு ஏது பிரேக்? ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடந்தாலே தாங்குமோ தாங்காதோ என்ற சரிவில், மொத்தப் பாரமும் ஒரே இடத்தில்!

"தொம்" என்றது மலை. பல்லாவரத்துக் கடைக் கண்ணாடிகூட அதிர்ந்திருக்கும். கூட்டத்தில் இருந்த சுபத்ராவின் காலடியில் ஒரு விரிசல் ஓடியது.

"கையை விடுங்க! ஒவ்வொருத்தரா, வந்த தடத்துலயே திரும்புங்க!" என்று கத்தினாள் தபஸ்ஸும்.

வந்து சேர்ந்தார்கள். பனி சரிந்து விழவில்லை. அதுதான் வம்பாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் தினகரன் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். "விழாத பனிக்குப் பயந்து உச்சியை விட்டுட்டோம். அடுத்த தடவை உச்சிவரைக்கும் கூட்டிப்போறேன்னு வாக்கு குடுங்க அக்கா. இல்லேன்னா வேற தலைவரைப் பாத்துக்கறோம்," என்றான் தினகரன்.

தபஸ்ஸும் எழுந்தாள். "வாக்கை மலைகிட்ட போய்க் கேளு. பனி ரவைமேல உக்காந்திருந்தா அடுத்த வருஷமும் திரும்புவேன், அதுக்கடுத்த வருஷமும் திரும்புவேன். சம்மதம்னா வாங்க. இல்லேன்னா புதுத் தலைவருக்கு மாலை வாங்குங்க."

சுபத்ரா மட்டும் செருப்பைத் தேடி மாட்டினாள். "அந்த விரிசல் என் ரெண்டு காலுக்கு நடுவுல போச்சு. நான் அக்காவோட போறேன்."

"ரெண்டே பேரா?" தினகரன் சிரித்தான்.

"ஆமா. இடைவெளி விட்டு நடக்க ஏகப்பட்ட இடம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள் தபஸ்ஸும்.