லைப்சிக்கில் இருந்து நடத்திய அமெரிக்கத் தேர்தல்

உலகத் தமிழர்களுக்கு ஒரு துயர அறிவிப்பு: எங்கள் குடும்பத்தின் ஒரே அமெரிக்க வாக்கு வீணாகிவிட்டது.

அமெரிக்காவில் மாமா இருக்கும் மாநிலத்தில், அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலையும் மக்கள்தான் தெரிவு செய்கிறார்கள். இந்த முறை ஒரு தமிழ் அக்கா நின்றார். லைப்சிக்கில் இருந்தபடியே அவருக்காக வீடியோ வீடியோவாகச் செய்து தள்ளினேன். ஜெர்மனிச் சொந்தங்கள் எல்லாம் லைக் போட்டார்கள். வாக்கு இருந்ததோ மாமாவுக்கு மட்டும்தான்.

இன்று ட்ராமில் வைத்து அவருக்கு அழைத்தேன்.

"மாமா, நேற்று வோட்டுப் போட்டனீங்களோ?"

"உண்மையாவே நேற்றுத்தானோ தேர்தல்?"

"ஓம்! எத்தனை தரம் மெசேஜ் போட்டனான்!"

"நீ போட்டபடியாத்தான் மருமோன் நான் நம்பேல்லை."

ட்ராமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். தேர்தல் தளபதி என்று புளுகித் திரிந்த நான்தான், போன மாதம் மாமாவுக்கு லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்திருப்பதாகப் பொய் மெசேஜ் அனுப்பி, வேலையிடம் முழுக்க அவரைக் கேக் கொடுக்க வைத்தவன்.

அந்த அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?