யாரும் எடுத்துக்கொள்ளாத இருபது தொகுதிகள்

மதப் புத்தகக் கடை வேலையில் முதலில் போவது முதுகு, பிறகு நம்பிக்கை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு யூதப் புத்தகக் கடையில் பதினொரு வருஷம் நின்றேன். நான் குடியிருந்த செவன் கிங்ஸில் இருந்து ரயில் மாறிப் போக ஒன்றேகால் மணி நேரம். முதலாளி சைமன் எழுபது தாண்டியவர். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். யூதருக்கு வேதம் என்றால் எங்கள் பழைய ஏற்பாடு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். அலுமாரிகளில் முக்கால்வாசி வேறொன்று: தல்மூத். ஒரு செட் இருபது தொகுதி. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் பாரம்.

முதல் பக்கம் எங்கே?

சேர்ந்த இரண்டாவது கிழமை ஒரு அம்மா கோபமாக வந்தார். மருமகனுக்குப் பரிசு கொடுக்க வாங்கிய தொகுதியில் முதல் தாளே இல்லையாம். சைமன் பல் டொக்டரிடம் போயிருந்தார். எபிரேய எழுத்துகளை எண்களாக வாசிக்க எனக்கு அப்போதுதான் பழக்கியிருந்தார். திறந்து பார்த்தேன். உண்மைதான், இரண்டில் தொடங்கியது. பக்கத்தில் இருந்ததைத் திறந்தேன், அதுவும் இரண்டு. இருபதையும் திறந்தேன். உடனே அச்சகத்துக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடையில் இருந்த எல்லாச் செட்டையும் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டினேன்.

சைமன் வீங்கிய கன்னத்தோடு வந்து பெட்டிகளைப் பார்த்தார். தலைப்புத் தாளை ஒன்று என்று எண்ணிவிடுவதால் எல்லாத் தொகுதியும் இரண்டில்தான் தொடங்குமாம், தலைமுறை தலைமுறையாக அப்படித்தானாம். அவர் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சொன்னார்: "இதை முதலாம் பக்கத்தில் இருந்து படித்தவர் உலகத்தில் ஒருத்தரும் இல்லை. பெட்டியைப் பிரி."

பரிசேயருக்குப் பரிந்து பேசினது

எங்கள் பங்குக் கோயிலில் புதன்கிழமைகளில் பைபிள் வட்டம் நடக்கும். ஒருநாள் பேச்சு, இயேசுவோடு வாதாடிய பரிசேயரில் வந்து நின்றது. வெளிவேஷக்காரர், கல்நெஞ்சர் என்று ஆளுக்கொரு சொல். வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எழும்பி, சைமனிடம் கேட்டறிந்ததைச் சொன்னேன்.

ஜெருசலேம் கோயில் இடிந்து பலியும் நின்றுபோன பிறகு யூதரின் விசுவாசத்தைக் காப்பாற்றியது அந்தப் பரிசேயரின் வழிவந்த போதகர்கள், ரபிமார்தான். விதைப்பு, திருநாள், கலியாணம், நட்டஈடு என்று வாய்வழியாகப் படிப்பித்ததை மறதிக்குப் பயந்து ஒழுங்குபடுத்தி வைத்தார்கள். அதுதான் மிஷ்னா. அதைச் சுற்றிப் பிற்காலத்தவர் வாதாடியதும் சேர்ந்தால் தல்மூத். பைபிளில் ஒரு வரி இருக்கும். அதை இன்றைக்கு எப்படி வாழ்வது என்று இந்தப் புத்தகங்களில்தான் தேடுவார்கள்.

தேத்தண்ணி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர் பாடகர் குழு மரியதாஸ் அண்ணை, மன்னார்க்காரர். கோப்பையை நீட்டியபடி காதுக்குள் சொன்னார்: "தம்பி, உமக்குச் சம்பளம் தாறது அவையள். ஆனா செத்தா தூக்கிறது நாங்கள். யோசிச்சுக் கதையும்."

தோற்றவர் சொன்னது

மழை நாள். ஒரு வாடிக்கையாளரும் இல்லை. சைமன் மேசையில் ஒரு தொகுதியை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் பழைய வாசகம், நாலு பக்கமும் பின்னால் வந்தவர்களின் விளக்கம். இன்ன ரபி இப்படிச் சொன்னார், இன்னார் மறுத்தார், பெரும்பான்மை இப்படி முடிவெடுத்தது என்று போகிறதாம். தோற்றவர் சொன்னதை ஏன் மினக்கெட்டு எழுதினார்கள் என்று கேட்டேன். பிறகு வருகிற ஒரு நீதிச் சபைக்கு அது தேவைப்படலாம் என்றார்.

எனக்கு என்ன வந்ததோ, என் கூடப்பிறந்த அண்ணையின் கதையைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் எழும்பி, இந்தச் சண்டை போகிற போக்குப் பிழை என்று சொன்னவர். அடுத்த நாள் மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தவரை இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது. அதற்குப் பிறகு அவர் பெயரை வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் சொல்வோம்.

"அவர் சரியாக என்ன சொன்னார்? அவருடைய சொல்லிலேயே சொல்" என்றார் சைமன்.

யோசித்தேன். முகம் வந்தது, நீலச் சேட்டு வந்தது. சொன்ன வசனம் வரவில்லை. சைமன் தொகுதியை மூடிவிட்டுக் கேட்டார்: "முப்பத்தைந்து வருஷமாக இதை ஒருத்தரும் உன்னிடம் கேட்கவில்லையா?"

உனக்கே, உனக்கே

கடைசி வருஷங்களில் வாங்க வந்தவர்களைவிடக் கொடுக்க வந்தவர்கள் கூட. தகப்பன் போய்விட்டார், செட் இருக்கிறது, எடுப்பீர்களா? இடமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தேய்ந்தது. ஒருநாள் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர், காரில் இருபது தொகுதி.

"அப்பா உன்னோடுதானே இருந்தார், நீயே வை."

"நீதானே ஆம்பிளைப் பிள்ளை, நீ வை. எனக்கு இனி இருக்கப்போகிறது ஒரு அறை."

"எனக்கு எல்லாம் போனிலேயே இருக்கிறது."

கடைசியில் இரண்டு பேரும் நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். தூறல் தொடங்கியது, நனையாமல் நானும் சைமனும் தூக்கி உள்ளே வைத்தோம். மூச்சு வாங்கச் சைமன் சொன்னார்: "ஒரு துணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு முழுக்க எனக்கே என்றால் என்ன தீர்ப்பு என்று இதில் இருக்கிறது. இரண்டு பேரும் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இல்லை."

அடக்கம்

கடை மூடினோம். புதியவற்றை வேறொரு வியாபாரி எடுத்தார். கிழிந்தவற்றையும் தாள் கழன்றவற்றையும் குப்பையில் போட ஏலாது. கடவுளின் பெயர் இருக்கிற தாளைச் சேமக்காலையில் மனிதரைப் போலப் புதைக்க வேண்டும். அன்று வான் வண்டியில் ஏற்றியதில் சைமனுடைய தகப்பனின் செட்டும் இருந்தது. முதுகு உடைந்து, ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஒன்றையாவது வைத்திருங்கள் என்றேன். தன் மகள் வேண்டுமென்று கேட்கவில்லை, தனக்கும் கண் தெரியவில்லை என்றார்.

பெட்டி பெட்டியாக நான்தான் குழிக்குள் இறக்கினேன். தகப்பனின் பெட்டியை மட்டும் சைமன் தானே பிடித்தார். ஏலவில்லை. மறுபக்கம் நான் பிடித்தேன். மண் விழத் தொடங்கியதும் அவர் திரும்பி நின்றுகொண்டார். குழி வெட்டியவர் போலந்துக்காரர், வேலைக்குப் புதுசு. மண்வெட்டியை ஊன்றிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பெட்டிக்குள் ஆள் ஒருத்தரும் இல்லையே, பிறகேன் பெரியவர் அழுகிறார்?"

இப்போது செவன் கிங்ஸுக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு வேலை கேட்டு எழுதுகிறேன், ஆனால் விற்றதைவிடப் புதைத்ததுதான் கூட என்கிற அனுபவத்தை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்துக்குள் நிரப்புவது என்றுதான் தெரியவில்லை.