மாமியாரின் கூறைச் சேலை

என் மாமியாரைப் புண்ணியவதி என்று இப்போது கோயிலில் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தவள் நான். உப்புக்குச் சண்டை, விறகுக்குச் சண்டை, நான் தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கும் சண்டை. பினாங்கில் நாங்கள் இருந்தது வரிசை வீடு, சுவர் மெல்லியது. எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொழுது விடிந்ததைத் தெரிந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அந்த மனுஷியைப் போல இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை.

எங்கள் முதல் சண்டை கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. கூறைச் சேலை எடுத்துக்கொண்டு பாகான் டாலாமில் இருந்த எங்கள் வீட்டுக்குப் படகேறி வந்தார். நான் பச்சைக்கு ஆசைப்பட்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் அரக்கு நிறம், மஞ்சள் கரை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னோட கூறையும் இதே நெறந்தான். ஒத்துமையா இருப்போம்" என்றார். ஒற்றுமை! சேலையில்தான் இருந்தது அது.

மாமி நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். மாமனாரை நான் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளை மாமி கையில் விட்டுவிட்டு இளவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். மாமி இடியப்பம் பிழிந்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவர்தான் என் வீட்டுக்காரர், துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. மழையோ வெயிலோ, முதல் பூசைக்கு மாமி கோயிலில் முழங்காலில் இருப்பார். என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போவார். நான் தூங்கி விழுந்தால் செபமாலைச் சிலுவையால் விலாவில் ஒரு குத்து.

கோயிலை விட்டால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கள் சபையில் எந்தப் பெண் இறந்தாலும், குளிப்பாட்டி உடுத்திவிட மாமியைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு செம்பு, புதுத் துண்டு, சீப்பு, தீர்த்தக் குப்பி, இவ்வளவுதான் அவர் சாமான். சம்பளம் கிடையாது, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார். குளிப்பாட்டும்போது பேசிக்கொண்டே இருப்பார். "கையைத் தூக்கும்மா... தண்ணி சில்லுன்னு இருக்கா, கொஞ்சம் பொறுத்துக்க." உயிரோடிருந்த என்னிடம் இத்தனை நயமாக ஒருநாளும் பேசியதில்லை!

எங்கள் ஆட்களில் கல்யாணமான பெண்ணை அவளுடைய கூறையில்தான் அடக்கம் செய்வார்கள். கல்யாணப் பூசையில் சாமியார் மந்திரித்த சேலை அது. மாமியின் கூறை அவருடைய தகரப் பெட்டியின் அடியில், வெட்டிவேரோடு இருந்தது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்ததும் வெளியே எடுத்து நிழலில் காயப்போடுவார். பக்கத்தில் நின்று காக்கை விரட்டுவது என் பாடு.

"எனக்கு இதைக் கட்டிவிட வேண்டியது நீதான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். "உங்க மாமா என்னைய மொதமொதல்ல பாத்தது பீடத்துக்கு முன்னால, இந்தச் சேலையில. அவர் போகயில நான் சின்னப் பொம்பளை. இப்பப் பல்லும் போச்சு, முடியும் நரைச்சுப் போச்சு. அங்க போய் நின்னா இந்தச் சேலையை வச்சுத்தான் அவருக்கு அடையாளம் தெரியும்."

நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். அந்தப் பெட்டி அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

ஒருநாள் காலையில் கோயில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். ஜெலுத்தோங்கில் ஒரு பெண் காய்ச்சலில் இறந்துவிட்டாள். எங்களுக்கு அவளைத் தெரியும். ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவனோடு ஓடிவந்தவள். கொஞ்ச காலம் சும்மா சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு மாமிதான் போய்ப் பேசிப் பேசி, இருவரையும் சாமியாரிடம் கூட்டிவந்தார். பூசையில் அவர்கள் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை வாசித்தால் கல்யாணம். அதற்குள் போய்விட்டாள், பாவி மகள்.

மாமி செம்பை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் டிராமில் திரும்பி வந்தார். நேரே பெட்டியிடம் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என்ன மாமி தேடுறீங்க?"

"கட்டிவிட நல்ல துணி ஒண்ணும் இல்ல. அந்தப் பயலும் தலையில அடிச்சுக்கிட்டு, கூறை எடுத்துத் தரலியே, எடுத்துத் தரலியேன்னு கெடந்து கதர்றான்."

"அதுக்கு? என்கிட்ட வெள்ளைச் சேலை இருக்கு, தர்றேன்." பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "இது உங்களோடது. மாமாவுக்கு அடையாளம் தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவளுக்குக் கல்யாணமே ஆகல, மாமி. கோயில்ல நாலு பேர் நாலு விதமாப் பேச மாட்டாங்க?"

"பேசட்டும். நகரு."

"நகர மாட்டேன்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அடியே, நான் ஒரு தடவையாவது கட்டிட்டேன். அவ கட்டவே இல்லியே."

சேசு மரி சூசையே! நகர்ந்தேன்.

நானும் கூடப் போனேன். "கல்யாணப் பொண்ணு இப்படியா சோம்பலாப் படுத்திருப்பா?" என்று அவளோடு பேசியபடியே மாமி கொசுவம் வைத்தார். அரக்குச் சேலையில் அந்தப் பெண் பெரிய வீட்டு மணப்பெண் மாதிரி கிடந்தாள். அவன் வந்து பார்த்தான். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் அடங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். உடலை மந்திரிக்க வந்த சாமியார் சேலையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், செபத்தைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி காலிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார். கொடுத்துவிட்டோம் என்று வருந்தினார் என்று சொல்ல முடியாது. ஆனால் அழுதார். "இனிமே அவருக்கு எப்படிடி அடையாளம் தெரியும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதைக் குடுக்கிறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருக்குப் பிடித்த கெட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சர்க்கரை கூடிப்போச்சு என்றார்.

அதற்குப் பிறகும் மாமி நெடுநாள் இருந்தார். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டினார், என் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார், என்னோடு சண்டை போட்டார். சேலைப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. பாஸ்கு முடிந்ததும் என் கூறையை நான் காயப்போடும்போது, அவர் வந்து நின்று காக்கை விரட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசை கண்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்க மணி அடித்தார்கள். நானே குளிப்பாட்டினேன். பிறகு என் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அது ஒன்னோட கூறையாச்சே?"

"ஆமா. அரக்கு நெறம், மஞ்சள் கரை. மாமாவுக்கு வித்தியாசம் தெரியாது. நகருங்க."

அவர் நகரவில்லை. "அப்ப நாளைக்கு ஒன்னைய நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எனக்கெதுக்குங்க சேலை? அங்கயும் ஒங்கம்மாகூடச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். சத்தம் வர்ற பக்கமா வாங்க."

காலையிலிருந்து கல்லாக நின்ற மனுஷர் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். நான் கூறையை எடுத்துக்கொண்டு மாமியிடம் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கையைக் கொஞ்சம் தூக்குங்க மாமி" என்றேன். "நேரமாகுது. மாமா பாத்துக்கிட்டே நிப்பாரு."